இலவசப் படிப்புக்காக வீட்டுப் பத்திரத்தைக் கொடுக்கலாமா?

திண்டுக்கல் மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் விவரங்களை மட்டும் சொல்கிறேன். வயது 25. பி.இ. மெக்கானிக்கல், சிஜிபிஏ 7.4, அரியர் எதுவும் இல்லை. மூன்று ஆண்டுகளாக ஓசூரில் இருசக்கர வாகன உதிரிபாகம் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில், குவாலிட்டி பிரிவில் வேலை. கைக்கு வருவது ₹26,000. ஹாஸ்டல், சாப்பாடு, வீட்டுக்கு அனுப்புவது எல்லாம் போக மாதம் ₹10,000 மிச்சம் பிடிக்கிறார். அதில் சேர்ந்தது ₹1.5 லட்சம். அப்பா மளிகைக்கடை நடத்துகிறார். அம்மா பெயரில் வங்கியில் ₹4 லட்சம் டெபாசிட் இருக்கிறது. தம்பி பிளஸ் டூ படிக்கிறான்.

ஜெர்மனியில் படிப்பு இலவசம் என்ற விளம்பரத்தைப் பார்த்து ஒரு கன்சல்டன்சிக்குப் போயிருக்கிறார். ₹3.5 லட்சம் 'பேக்கேஜ்' பேசி, ₹25,000 பதிவுக் கட்டணத்தையும் அசல் மதிப்பெண் பட்டியல்களையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். இரண்டு மாதம் கழித்துப் பேச்சு மாறியது. அரசுப் பல்கலைக்கழகங்களில் இந்த ஆண்டுக்கு இடம் முடிந்துவிட்டது, பெர்லினில் வேறொரு பல்கலைக்கழகத்தில் அக்டோபருக்கே சீட் தயார், அதுவும் அரசு அங்கீகாரம் பெற்றதுதான், ஆண்டுக் கட்டணம் 11,000 யூரோ, ஒரு செமஸ்டர் படித்துவிட்டு இலவசப் பல்கலைக்கழகத்துக்கு மாறிக்கொள்ளலாம் என்கிறார்கள். விசாவுக்குக் காட்ட வேண்டிய பணத்தைத் தாங்களே இரண்டு வட்டிக்கு ஏற்பாடு செய்கிறார்களாம். அப்பா வீட்டுப் பத்திரத்தைப் பீரோவிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்துவிட்டார். "என் ஒருத்திக்காக எல்லாரையும் தெருவுக்குக் கொண்டு வந்துவிடுவேனோ என்று இரவெல்லாம் தூக்கம் வரவில்லை. ஆனால் இந்த அக்டோபரை விட்டால் இனி எப்போதும் போக முடியாது என்றும் தோன்றுகிறது. வேலையை விட்டுவிடலாமா?" என்று முடித்திருக்கிறார்.

அன்புள்ள வாசகிக்கு,

பத்திரத்தை மறுபடி பீரோவில் வைக்கச் சொல்லுங்கள். மற்றதை நிதானமாகப் பேசலாம். நீங்கள் ஆசைப்பட்ட படிப்பு நிஜமாகவே இருக்கிறது. உங்கள் மதிப்பெண்ணுக்கும் அனுபவத்துக்கும் அது எட்டக்கூடியதுதான். ஆனால் உங்களுக்கு இப்போது விற்கப்படுவது அந்தப் படிப்பு இல்லை. இந்த அக்டோபர் போனால் எல்லாம் போய்விடும் என்று உங்களை அவசரப்படுத்துகிறார்கள். அடுத்த ஆண்டு அக்டோபரும் வரும். அந்த ஒரு வருடத்தை நீங்கள் எடுத்துக்கொண்டால் வீடும் பிழைக்கும், படிப்பும் கிடைக்கும் என்பதுதான் என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

எது இலவசம், எது இல்லை

ஜெர்மனியில் அரசுப் பல்கலைக்கழகங்களை நடத்துவது மாநில அரசுகள். வரிப்பணத்தில் நடக்கின்றன. 2005-ல் அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் கல்விக் கட்டணத்துக்கு இருந்த தடையை நீக்கியபிறகு சில மாநிலங்கள் செமஸ்டருக்கு 500 யூரோ வசூலித்துப் பார்த்தன. மாணவர்கள் போராடினார்கள், ஆட்சிகள் மாறின, ஒவ்வொரு மாநிலமாகக் கைவிட்டது. கடைசியாக 2014-ல் கீழ் சாக்சனி கைவிட்டபோது நாடு முழுவதும் கட்டணம் ஒழிந்தது. அந்தச் சலுகை வெளிநாட்டு மாணவர்களுக்கும் பொருந்தியது. அதனால் விளம்பரம் சொன்னதில் பாதி உண்மை.

மறுபாதியையும் தெரிந்துகொள்ளுங்கள். பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. ஸ்டுட்கார்ட், கார்ல்ஸ்ருஹே, ஹைடல்பர்க் எல்லாம் அந்த மாநிலத்தில்தான் இருக்கின்றன. மெக்கானிக்கல் படித்த நம் பிள்ளைகள் முதலில் சொல்லும் பெயரான மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், 2024 அக்டோபரில் தொடங்கிய குளிர்கால செமஸ்டரிலிருந்து முதுகலைக்கு 4,000 முதல் 6,000 யூரோ வரை, அதுவும் ஒவ்வொரு செமஸ்டருக்கும், வசூலிக்க ஆரம்பித்துவிட்டது. இது தவிர, அரசுப் பல்கலைக்கழகத்துக்குள்ளேயே எம்பிஏ போன்ற, வேலை பார்ப்பவர்களுக்கான தொடர்கல்விப் படிப்புகளுக்குக் கட்டணம் உண்டு. எனவே பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நீங்கள் சேரப்போகும் குறிப்பிட்ட படிப்புக்கு என்ன கட்டணம் என்று பாருங்கள். டிஏஏடி என்னும் ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பின் இணையதளத்தில், ஆங்கிலவழிப் படிப்புகள் ஒவ்வொன்றுக்கும் 'செமஸ்டர் கட்டணம்' என்று தனி இடமே ஒதுக்கியிருக்கிறார்கள். அதைப் பார்க்க யாருக்கும் ஒரு பைசா தர வேண்டியதில்லை.

ஆகன், மாக்டபுர்க், பிரேமன், பிரவுன்ஷ்வைக், கைசர்ஸ்லவுட்டர்ன் என்று கட்டணமில்லாமல் மெக்கானிக்கல் சார்ந்த முதுகலை படிக்க நல்ல இடங்கள் நிறைய உள்ளன. அங்கும் செமஸ்டர் பங்களிப்பு என்று சில நூறு யூரோ கட்ட வேண்டும். பல ஊர்களில் பஸ், ரயில் பாஸும் அதிலேயே அடங்கிவிடும்.

பெரிய செலவு வாழ்க்கைச் செலவு. அதற்குத்தான் பிளாக்டு அக்கவுன்ட், அதாவது விசாவுக்காகப் பணத்தைப் போட்டு முடக்கி வைக்கும் கணக்கு. 2024 செப்டம்பரிலிருந்து அதில் ஒரு வருடத்துக்கு 11,904 யூரோ போட்டுக் காட்ட வேண்டும். அங்கே போன பிறகு மாதம் 992 யூரோ உங்கள் கைக்கு வரும். யூரோவை ₹100 என்று வைத்தால் ஏறக்குறைய ₹12 லட்சம். படிப்பு இலவசம் என்பதைக் கேட்டுவிட்டு, இந்த ₹12 லட்சத்தைக் கடைசியில் கேள்விப்படும் குடும்பங்கள்தான் பதறிப்போய் வட்டிக்காரரிடம் போகின்றன. உங்கள் அப்பாவுக்கும் அதுதான் நடந்திருக்கிறது. அவர் மேல் தப்பில்லை. முதல் நாளே சொல்லியிருக்க வேண்டியதை இரண்டு மாதம் கழித்துச் சொல்லியிருக்கிறார்கள்.

அந்தப் பெர்லின் சீட்

அரசு அங்கீகாரம் பெற்றது என்று அவர்கள் சொன்னது பொய்யாக இருக்காது. ஆனால் அங்கீகாரம் பெறுவது வேறு, அரசே நடத்துவது வேறு. நம் ஊர் சுயநிதிப் பொறியியல் கல்லூரிக்கும் ஏஐசிடிஇ அனுமதி உண்டு. அதை யாரும் அரசுக் கல்லூரி என்று சொல்வதில்லையே. ஆண்டுக்கு 11,000 யூரோ கேட்கும்போதே அது தனியார் என்று தெரிகிறது. உறுதிப்படுத்திக்கொள்ள ஜெர்மன் பல்கலைக்கழகத் தலைவர்கள் மாநாடு நடத்தும் ஹோக்ஷூல்கொம்பாஸ் தளத்தில் பெயரைப் போட்டுப் பாருங்கள். அரசா, தனியாரா என்று நேரடியாகவே இருக்கும்.

தனியார் எல்லாமே மோசம் என்று நான் சொல்ல மாட்டேன். பணமும் தேவையும் பொருந்தி, தெரிந்தே சேர்ந்து, நன்றாக வந்தவர்கள் இருக்கிறார்கள். உங்கள் நிலைமைக்கு அது பொருந்தாது. இரண்டு ஆண்டுக் கட்டணம் மட்டுமே 22,000 யூரோ. வாழ்க்கைச் செலவையும் சேர்த்தால் ₹45 லட்சத்தைத் தாண்டும். இலவசப் படிப்புக்கு என்று கிளம்பிய ஒரு குடும்பம் இங்கே வந்து நிற்கக்கூடாது.

ஒரு செமஸ்டர் கழித்து மாறிக்கொள்ளலாம் என்ற வாக்குறுதிதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. அப்படி ஒரு மாற்றல் வழி கிடையாது. அரசுப் பல்கலைக்கழகத்துக்கு நீங்கள் புதிதாக, எல்லாரையும் போல, அதே தகுதியோடு விண்ணப்பிக்க வேண்டும். உங்கள் தங்கும் அனுமதி ஒரு குறிப்பிட்ட படிப்புக்காகத் தரப்படுகிறது. படிப்பை மாற்றினால் அங்குள்ள வெளிநாட்டவர் அலுவலகத்தைக் கேட்க வேண்டும். பெர்லினில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் சேர்ந்திருந்த இந்திய மாணவர்கள் சிலருக்கு, பாடம் பெரும்பாலும் ஆன்லைனில் நடக்கிறது என்ற காரணத்தால் அனுமதி சிக்கலாகி, ஊர் திரும்பச் சொன்ன செய்திகள் 2025-ல் வந்தன. இங்கிருந்து அரசுப் பல்கலைக்கழகத்துக்கு நேராக விண்ணப்பிக்க முடியும்போது, லட்சக்கணக்கில் கட்டி அங்கே போய் அதே விண்ணப்பத்தைப் போட எந்தக் காரணமும் இல்லை.

பிறகு ஏன் இதைத் தள்ளிவிடப் பார்க்கிறார்கள்? அரசுப் பல்கலைக்கழகம் பொதுவாக ஏஜென்ட்டுக்குக் கமிஷன் தருவதில்லை. கட்டணம் வாங்கும் தனியாரிடம் கமிஷன் கிடைக்கிறது. எல்லா கன்சல்டன்சியும் இப்படி இல்லை. விண்ணப்ப வேலைக்கு நியாயமான தொகை வாங்கிக்கொண்டு நேர்மையாகச் செய்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் 'அரசு சீட்டை வாங்கித் தருகிறோம்' என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். அந்த இடத்தை விற்க யாராலும் முடியாது.

இரண்டு வட்டிப் பணம்

இந்தப் பகுதியை உங்கள் அப்பாவிடம் உரக்கப் படித்துக் காட்டுங்கள். மாதம் இரண்டு வட்டி என்றால் ₹12 லட்சத்துக்கு மாதம் ₹24,000. உங்கள் மொத்தச் சம்பளத்துக்குக் கிட்டத்தட்ட சமம். பணத்தை அக்கவுன்டில் போட்டுக் காட்டிவிட்டு உடனே திருப்பி எடுத்துவிடலாம் என்று சொல்லியிருப்பார்கள். முடியாது. விசா கிடைத்தபின் அந்தக் கணக்கிலிருந்து மாதத் தவணையாக மட்டுமே பணம் வெளியே வரும். அப்படியானால் கடன் கொடுத்தவர் எப்படி வசூலிப்பார்? கையெழுத்துப் போட்ட வெற்றுக் காசோலை, புரோநோட், அசல் சான்றிதழ், வீட்டுப் பத்திரம். மாதாமாதம் வரும் 992 யூரோவை அப்படியே அவர் கணக்குக்கு அனுப்பச் சொல்வார். நீங்கள் அங்கே வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் கையில் ஒன்றும் இல்லாமல், படிப்பைவிட்டு எந்த வேலை கிடைத்தாலும் ஓட வேண்டிவரும். தேர்வில் தோற்பது அப்படித்தான் ஆரம்பிக்கிறது. அங்கே பெரும்பாலான பாடங்களுக்கு மூன்று முறைதான் தேர்வு எழுத வாய்ப்பு. அதற்குமேல் அந்தப் படிப்பையே இழக்கலாம். நம் ஊர் அரியர் மாதிரி எழுதிக்கொண்டே இருக்க முடியாது.

இதற்கு மாற்று வங்கிக் கல்விக் கடன். இங்கே ₹7.5 லட்சம் வரை பெரும்பாலும் சொத்துப் பிணை இல்லாமல் கிடைக்கும், மூன்றாம் நபர் ஜாமீன் கேட்பார்கள். படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கட்டத் தேவையில்லை. வட்டி மட்டும் ஏறிக்கொண்டிருக்கும், முடிந்தால் அதை மாதாமாதம் கட்டிவிடுவது நல்லது. கடனாக வங்கி வழியே வெளிநாட்டுக்குப் போகும் பணத்துக்கு டிசிஎஸ் என்னும் முன்கூட்டிய வரிப் பிடித்தம் கிடையாது என்பது ஒரு சிறு ஆறுதல்.

உங்கள் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். அம்மாவின் டெபாசிட் ₹4 லட்சம். உங்களிடம் இப்போது ₹1.5 லட்சம். அடுத்த ஆண்டு அக்டோபருக்குள் இன்னும் ₹1.5 லட்சம் சேர்ப்பீர்கள். வங்கிக் கடன் ₹7.5 லட்சம். மொத்தம் ₹14.5 லட்சம். பிளாக்டு அக்கவுன்ட், விண்ணப்பச் செலவு, விமான டிக்கெட், அங்கே போய் இறங்கியதும் அறைக்கு அட்வான்ஸ் எல்லாம் சேர்த்து முதல் ஆண்டுக்கு ஏறக்குறைய இதுதான் ஆகும். இறுக்கமான கணக்குதான், மறுக்கவில்லை. ஆனால் இதில் வீடு எங்குமே வரவில்லை என்பதைப் பாருங்கள். தம்பியின் கல்லூரிச் செலவுக்கு டெபாசிட்டில் கொஞ்சம் ஒதுக்க வேண்டும் என்றால், இன்னும் ஆறு மாதம் தள்ளி ஏப்ரல் செமஸ்டரில் சேரும் படிப்புகளைப் பாருங்கள். தம்பியின் படிப்பும் உங்கள் படிப்பும் ஒன்றையொன்று தின்னக்கூடாது.

"பார்ட் டைமில் மிச்சத்தைச் சம்பாதித்துவிடலாம்"

இதைக் கடிதத்தில் நீங்கள் கேள்வியாகக்கூடக் கேட்கவில்லை, நடக்கப்போவதாகவே எழுதியிருக்கிறீர்கள். சட்டப்படி மாணவர்கள் ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை பார்க்கலாம். 2024 மார்ச்சுக்கு முன் இது 120 நாளாக இருந்தது. குறைந்தபட்ச ஊதியம் 2026 ஜனவரி முதல் மணிக்கு 13.90 யூரோ. மாதம் 603 யூரோ வரை சம்பாதிக்கும் மினி ஜாப் என்னும் சிறு பகுதிநேர வேலையைப் பலரும் செய்கிறார்கள். தாளில் கணக்குப் போட்டால் நிறையத் தெரியும். ஆனால் போன முதல் மாதமே வேலை கிடைக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. முதல் செமஸ்டரில் ஊர், குளிர், பாடம் எல்லாம் புதிது. என் ஆலோசனை, முதல் ஆண்டை முழுக்க பிளாக்டு அக்கவுன்ட் பணத்திலேயே ஓட்டத் திட்டமிடுங்கள். வேலையில் வருவதை இரண்டாம் ஆண்டுக்குச் சேர்த்து வையுங்கள். தங்கும் அனுமதியைப் புதுப்பிக்கும்போது கையில் பணம் இருப்பதை மறுபடி காட்ட வேண்டும், அதற்கு அது உதவும். நான்கு செமஸ்டர் படிப்பை ஐந்து, ஆறு செமஸ்டரில் முடிப்பது அங்கே சாதாரணம். அதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜெர்மன் மொழி தேவையில்லை என்று சொன்னார்கள் அல்லவா? ஆங்கிலவழிப் படிப்பில் சேர்வதற்குத் தேவையில்லை, சரிதான். மளிகைக்கடையில் பொருள் வாங்க, டாக்டரிடம் உடம்புக்கு என்னவென்று சொல்ல, நகராட்சி அலுவலகத்தில் முகவரி பதிய, முக்கியமாகத் தொழிற்சாலையில் இன்டர்ன்ஷிப் கேட்க, தேவை. படிப்பு முடிந்து வேலை தேட 18 மாதம் அனுமதி தருகிறார்கள். அந்த 18 மாதத்தில் மொழி தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருக்கும். உங்கள் துறையில் இது இன்னும் கூடுதல். ஜெர்மன் கார்த் தொழில் இப்போது நெருக்கடியில் இருக்கிறது. 2030-க்குள் 35,000-க்கும் மேற்பட்ட பணியிடங்களைக் குறைக்க ஃபோக்ஸ்வாகன் 2024 டிசம்பரில் தொழிற்சங்கத்தோடு ஒப்பந்தமே போட்டது. உதிரிபாக நிறுவனங்களிலும் ஆட்குறைப்பு நடக்கிறது. ஆகவே 'ஆட்டோமோட்டிவ்' என்று பெயர் வைத்த படிப்பை மட்டும் குறிவைக்காமல், ஆட்டோமேஷன், ஆற்றல் தொழில்நுட்பம், உற்பத்திப் பொறியியல் பக்கமும் பாருங்கள். மூன்று வருடம் குவாலிட்டியில் நின்று அளந்து பார்த்த அனுபவம் அங்கெல்லாம் செல்லும்.

இந்த ஒரு வருடத்தில் செய்ய வேண்டியவை

சான்றிதழ்களிலிருந்து ஆரம்பியுங்கள். அசல் மதிப்பெண் பட்டியலை விண்ணப்பத்துக்காக எந்த ஏஜென்ட்டிடமும் விட்டு வைக்க வேண்டியதில்லை. அதைப் பிடித்து வைக்க அவர்களுக்கு உரிமையும் இல்லை. திருப்பித் தரும்படி மின்னஞ்சலில் எழுதுங்கள், பதிவுத் தபாலிலும் அனுப்புங்கள். ஏழு நாள் கெடு போதும். தரவில்லை என்றால் காவல் நிலையத்தில் மனு கொடுங்கள். சேவை எதுவும் செய்யாமல் வாங்கிய ₹25,000-ஐயும் கேளுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. ₹5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் புகார் தரலாம். ஒப்பந்தம் என்று எதிலாவது கையெழுத்துப் போட்டிருந்தால் அதன் நகலையும் வாங்கி வையுங்கள்.

அடுத்து ஏபிஎஸ். இந்திய மாணவர்களின் சான்றிதழ்களைச் சரிபார்த்துத் தரும் ஜெர்மன் தூதரகத்தின் பிரிவு அது. 2022 நவம்பரிலிருந்து மாணவர் விசாவுக்கு இது கட்டாயம். கட்டணம் ₹18,000. நேரம் பிடிக்கும் என்பதால் சான்றிதழ்கள் கைக்கு வந்த வாரமே விண்ணப்பித்துவிடுங்கள். ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வை இந்தத் தீபாவளிக்குள் எழுதிவிடலாம்.

உங்கள் 7.4 ஜெர்மன் கணக்கில் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிடலாம், ஏனென்றால் பலர் இங்கேதான் தவறான இடங்களுக்கு விண்ணப்பித்துப் பணத்தை இழக்கிறார்கள். அங்கே 1 தான் உச்சம், 4 கடைசித் தேர்ச்சி. பவேரியன் ஃபார்முலா என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். அதிகபட்ச மதிப்பிலிருந்து உங்களுடையதைக் கழியுங்கள்: 10-லிருந்து 7.4 போனால் 2.6. அதை, அதிகபட்சத்துக்கும் குறைந்தபட்சத் தேர்ச்சிக்கும் உள்ள இடைவெளியால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்டுங்கள். தேர்ச்சி மதிப்பு 5 என்றால் உங்களுக்கு 2.56 வரும். அதே தேர்ச்சி மதிப்பை 4 என்று எடுத்தால் 2.3. பல படிப்புகள் 2.5 என்று எல்லை வைத்திருப்பதால், இந்த ஓர் எண் உங்களை உள்ளே விடும் அல்லது வெளியே நிறுத்தும். உங்கள் மதிப்பெண் பட்டியலின் பின்பக்கம் குறைந்தபட்சத் தேர்ச்சி என்னவென்று அச்சாகியிருக்கும், அதைப் பார்த்துக் கணக்கிடுங்கள். பெரிய பல்கலைக்கழகங்கள் இரண்டு, உங்கள் எண்ணுக்குச் சரியாகப் பொருந்துபவை மூன்று, தொழிற்பயிற்சிக்கு முக்கியத்துவம் தரும் அப்ளைடு சயின்ஸ் அரசுப் பல்கலைக்கழகங்கள் இரண்டு என்று கலந்து போடுங்கள். அந்தக் கடைசி வகையைத் தாழ்வாக நினைக்க வேண்டாம். உங்களைப் போல ஷாப் ஃப்ளோரில் வேலை பார்த்தவர்களுக்கு அது நன்றாகவே பொருந்தும்.

விண்ணப்பங்கள் சில இடங்களில் நேராக, சில இடங்களில் யூனி-அசிஸ்ட் என்னும் பொது விண்ணப்ப அமைப்பின் வழியாக. யூனி-அசிஸ்டில் முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அதே செமஸ்டரில் அடுத்தடுத்தவற்றுக்கு 30 யூரோ. குளிர்கால செமஸ்டருக்குப் பொதுவாக ஜூலை 15 கடைசி என்பார்கள். ஆங்கிலவழி முதுகலைகளில் பல மார்ச், ஏப்ரல், மே மாதத்திலேயே மூடிவிடும். 'இடம் முடிந்துவிட்டது' என்று உங்களுக்குச் சொன்னது இதனால்தான். இடம் முடியவில்லை, அவர்கள் தேதியைத் தவறவிட்டிருக்கிறார்கள், அல்லது விண்ணப்பிக்கவே இல்லை. எந்தெந்தப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தார்கள், விண்ணப்ப எண் என்ன என்று கேட்டுப் பாருங்கள்.

ஓசூரிலிருந்து மொழி வகுப்புக்குத் தினமும் போவது சிரமம். சென்னை கோதே நிலையம், நம் ஆட்கள் மாக்ஸ் முல்லர் பவன் என்று சொல்வது, ஆன்லைன் வகுப்பும் நடத்துகிறது. வேலையோடு சேர்த்து ஏ2 என்னும் இரண்டாம் நிலை வரை இந்த ஆண்டில் தாராளமாக முடிக்கலாம், முயன்றால் அதற்கு அடுத்த பி1.

உதவித்தொகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. டிஏஏடி தரும் வளர்ச்சி சார்ந்த முதுகலை உதவித்தொகைக்கு இரண்டு ஆண்டு வேலை அனுபவம் கட்டாயம், படித்து முடித்து ஆறு ஆண்டுக்குமேல் ஆகியிருக்கக் கூடாது. உங்களிடம் இரண்டு தகுதியும் இருக்கின்றன. போட்டி கடுமைதான், ஆனாலும் பட்டியலில் உங்கள் துறைக்குப் பொருந்தும் படிப்பு இருந்தால் போட்டுவிடுங்கள். அங்கே சேர்ந்த பிறகு மாதம் 300 யூரோ தரும் டாய்ச்லாண்ட் ஸ்டிபென்டியம் எல்லா நாட்டு மாணவருக்கும் திறந்திருக்கிறது. நீங்கள் பட்டியல் சாதியைச் சேர்ந்தவராக, குடும்ப வருமானம் ஆண்டுக்கு ₹8 லட்சத்துக்குள் இருப்பவராக இருந்தால், மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையையும் கட்டாயம் பாருங்கள்.

காப்பீட்டில் ஒரு கண்ணி இருக்கிறது. 30 வயதுக்குள் இருக்கும் மாணவருக்கு அரசு மருத்துவக் காப்பீடு சலுகை விலையில் உண்டு. மலிவாக இருக்கிறதே என்று தனியார் காப்பீட்டை எடுத்து அரசுக் காப்பீட்டிலிருந்து விலக்கு வாங்கிவிட்டால், படிப்பு முடியும்வரை திரும்ப முடியாது. 26 வயதில் போகும் உங்களுக்கு இந்தச் சலுகை முழுப் படிப்புக்கும் போதும்.

வீட்டில் பேசும்போது

அத்தை சொன்னதாக எழுதியிருந்தீர்கள்: "கல்யாணத்தை முடிச்சுட்டு மாப்பிள்ளையோட போகட்டும்." இதைக் குறித்து நீங்கள் கேள்வி எதுவும் கேட்கவில்லை. ஆனால் அந்த வரிக்குப் பிறகுதான் கடிதத்தில் அவசரம் கூடுகிறது. இந்த அக்டோபரே போயாக வேண்டும் என்ற பதற்றத்தில் ஒரு பங்கு, ஒரு வருடம் இங்கே இருந்தால் வரன் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள் என்ற பயம் என்று நினைக்கிறேன். தவறாக நினைத்திருந்தால் மன்னியுங்கள். சரி என்றால், அதற்கு மருந்து பெர்லின் சீட் அல்ல. அப்பாவிடம் நேராகச் சொல்லிவிடுங்கள். மகளுக்காக வீட்டையே கொடுக்கத் துணிந்தவர் ஒரு வருடம் தரமாட்டாரா? பத்திரம் வேண்டாம்ப்பா, அடுத்த அக்டோபர் வரைக்கும் எனக்கு நேரம் கொடுங்கள் என்று கேளுங்கள். மேலே நான் போட்ட கணக்கை ஒரு தாளில் எழுதி, விண்ணப்பத் தேதிகளையும் சேர்த்து அவர் கையில் கொடுங்கள். கடை நடத்துபவர், வரவு செலவு பார்த்தால் உடனே புரிந்துகொள்வார்.

வேலையை இப்போது விடாதீர்கள். சம்பளச் சீட்டு வங்கிக் கடனுக்கு வேண்டும், அனுபவ ஆண்டுகள் உதவித்தொகைக்கு வேண்டும், மாதம் ₹10,000 உங்கள் கணக்குக்கு வேண்டும். அட்மிஷன் கடிதம் வந்த அன்றுகூட விட வேண்டாம். விசா மறுக்கப்பட்டால் முன்பு தூதரகத்திலேயே மறுபரிசீலனை கேட்கலாம். 2025 ஜூலையிலிருந்து அதை நிறுத்திவிட்டார்கள், புதிதாக விண்ணப்பிக்க வேண்டும் அல்லது ஜெர்மன் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். விசா ஒட்டிய பாஸ்போர்ட் கைக்கு வந்த பிறகு நோட்டீஸ் கொடுங்கள். உங்கள் நிறுவனத்தில் நோட்டீஸ் காலம் எத்தனை நாள் என்று இப்போதே பார்த்து வைத்து, விசா விண்ணப்பத்தை அதற்கேற்ப முன்கூட்டிப் போடுங்கள். மேலாளரிடம் அனுபவச் சான்றிதழ் கேட்கும்போது 'குவாலிட்டி இன்ஜினியர்' என்று ஒற்றை வரியோடு விட்டுவிடாமல், எந்தெந்த அளவைக் கருவிகள், எந்தெந்தப் பாகங்கள், எத்தனை பேர் குழு என்று விவரமாக எழுதித் தரச் சொல்லுங்கள். ஜெர்மன் பேராசிரியர்கள் அந்தத் தாளைப் படிப்பார்கள்.